நீ பிரித்துப்போட்ட மிஷின்

அண்ணா,

என் துணிக்கொடியின் கப்பிகள் கிடைத்துவிட்டன. இன்று காலை உன் சாக்குப் பையைக் கவிழ்த்தபோது நட்டு, போல்ட்டுகளோடு உருண்டு வந்தன. பால்கனியிலிருந்து நீ அவற்றைக் கழற்றிக்கொண்டு போன நாள் முதல், ஈரப் புடவைகள் கதவு மேலும் நாற்காலி மேலும்தான் காய்ந்தன. "ரெண்டு நாள் குடுடி, திருப்பி மாட்டிடறேன்" என்றாய். மாட்டினாயா? நானே மாட்டிக் கயிற்றை இழுத்தேன். அந்தக் கிறீச் சத்தம் கேட்டதும் எனக்கு வந்த கோபத்துக்கு, நீ எதிரில் இருந்திருந்தால் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பாய். இல்லாததால் எழுதுகிறேன்.

எல்லாம் அந்த முகமூடி மிஷினால் வந்த வினை. மயிலாப்பூரில் நாடக உடை வாடகைக்கு விடும் நம் கடையில் காகிதக்கூழ் முகமூடிகள் வியர்வையில் ஊறிப் பிய்கின்றன என்று நீதான் ஆரம்பித்தாய். நீ செய்த மிஷினில், ஒரு சட்டத்தில் பிளாஸ்டிக் ஷீட்டை மாட்டி ஹீட்டருக்கு அடியில் பிடித்தால் அது இளகித் தொய்யும். உடனே சட்டத்தை இறக்கி, மேலே துளைகள் போட்டு அச்சு வைத்த பெட்டியின் மேல் அழுத்த வேண்டும். அடியிலிருந்து வாக்குவம் கிளீனர் காற்றை உறிஞ்ச, ஷீட் அச்சோடு ஒட்டிக்கொண்டு அனுமார் முகம் வந்துவிடும். வந்தது! நான் கை தட்டினேன். நீ உதட்டைப் பிதுக்கினாய். "இடது மூலை லேட்டா எறங்கறது, பாரு."

அந்த மூலை என் பிராணனை வாங்கியது. சட்டத்தை ஏற்றி இறக்க, முதலில் என் சமையலறை டிராயர் ஓடும் தகடுகளைக் கழற்றினாய். அப்புறம் சைக்கிள் பிரேக் ஒயர். அப்புறம் என் கப்பிகள், எதிர்ப்பக்கம் கனத்துக்கு ஆட்டுக்கல் குழவி வேறு. ஒவ்வொன்றும் வேலை செய்தது, அதுதான் என் வயிற்றெரிச்சல். வேலை செய்த மறுநாளே உட்கார்ந்து பிரித்துவிடுவாய்.

"வேலை செய்யறதோன்னோ? விட்டுத் தொலையேன்!"

"செஞ்சா போறுமா? நேரா எறங்க வேண்டாமா?"

மந்தைவெளி காயலான் கடை முனுசாமிக்கே தாங்கவில்லை. "இன்னா சார், போன வாரம் வாங்கினு போனதையே திருப்பி எடுத்தாந்துகிற?" என்று உன் முகத்துக்கு நேராகவே கேட்டார். உனக்கு உறைத்தால்தானே!

நானும் ஒரு யோசனை சொன்னேன். சட்டம் ஹீட்டர் பக்கத்திலேயே நிற்கட்டும், அச்சுப் பெட்டியைக் கீழேயிருந்து தூக்கலாம், அதையும் தையல் மிஷின் மாதிரி காலால் மிதித்து. நீ சிரித்த சிரிப்பு மாடிப்படி வரை கேட்டது. "மிதிச்சா தெறக்கற குப்பைத்தொட்டியா? போடி, போய் ஜரிகை தை."

போன வருஷம் அடையாறு பள்ளி விழாவுக்கு முந்தின நாள், மிஷின் மொட்டை மாடியில் அக்குவேறு ஆணிவேறாகக் கிடந்தது. நாடக ஆசிரியர் போன் செய்தார். நீ ஸ்பேனரைக் காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டு, கொஞ்சமும் கூசாமல், "ஆச்சு சார், மாட்டிண்டே இருக்கேன்" என்றாய். பாதி வானரங்கள் அட்டை முகத்தோடு மேடை ஏறின. நான் அவமானத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் அதே பாட்டுத்தான். "மிஷினை யாரும் தொடாதீங்கோ, வந்து மாட்டிக்கறேன்." நீ வரவில்லை. பிரித்துப்போட்டது போட்டபடியே விட்டுவிட்டுப் போய்விட்டாய்.

இந்த வருஷம் அந்த ஆசிரியர் கடை வாசலிலேயே நின்றுகொண்டு, "அண்ணா இல்லாம உங்களால முடியுமாம்மா? இல்ல, வேற இடம் பாத்துக்கட்டுமா?" என்றார். அந்தப் பள்ளியும் போய்விட்டால் கடைக்குப் பூட்டுத்தான். "முடியும் சார்" என்று சொல்லிவிட்டு, உள்ளே போய்த் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

பிறகு என் குப்பைத்தொட்டியைத்தான் செய்தேன், அண்ணா. முனுசாமி இரும்புக் குழாய் தேர்ந்து கொடுத்து, வெல்டிங் ஆளையும் அழைத்து வந்தார். பெட்டி கோணாமல் ஏற மூலைக்கு ஒரு குழாய், அடியில் நீளமான ஒரு மிதி. ஷீட் தொய்ந்தது. ஓங்கி மிதித்தேன். பெட்டி நேராக ஏறிச் சட்டத்தில் அமர்ந்தது, எல்லா மூலையும் ஒன்றாக! அனுமார் கன்னம் துளிக் கோணல் இல்லாமல் வந்தது.

"அண்ணன் இருக்கசொல்லவே இத்த செஞ்சிருக்கலாமேம்மா" என்றார் முனுசாமி.

"சொன்னேனே! கேட்டானா?" என்று கத்தினேன். உன் ஸ்டூலைப் பார்த்துத்தான் கத்தினேன். அதில் நீ இல்லை. ஜெயித்துவிட்டு இப்படி அழுதவள் நானாகத்தான் இருப்பேன்.

முகமூடிகளை நேற்று அடையாறுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒத்திகையில் வானரங்கள் குதித்த குதியைப் பார்த்து ஆசிரியர் வாயெல்லாம் பல்லாக நின்றார். அத்தோடு நான் சும்மா இருந்திருக்க வேண்டும். ஆனால் மிதிக்கும்போது லேசாக ஒரு உதறல் இருந்ததே, ஒரு ஸ்பிரிங் போட்டால் வெண்ணெய் மாதிரி ஏறாதா? ஸ்பிரிங் தேடித்தான் இன்று உன் சாக்குப் பையைக் கவிழ்த்தேன். கப்பிகளை மாட்டிவிட்டு மொட்டை மாடிக்குப் போய் மிதியைக் கழற்றினேன். அது கையோடு வந்த சமயம் பார்த்து போன் அடித்தது, ஆசிரியர்தான். இரண்டு பிள்ளைகள் புதிதாகச் சேர்ந்திருக்கிறார்களாம், சாயங்காலத்துக்குள் இன்னும் இரண்டு முகமூடி வேண்டுமாம்.

சுற்றிலும் போல்ட்டுகள் சிதறிக் கிடந்தன. ஸ்பேனர் என் காதுக்குப் பின்னால் இருந்தது.

"ஆச்சு சார்" என்றேன். "மாட்டிண்டே இருக்கேன்."