குடை பிடித்த பாலூட்டி

கோபித்துக்கொண்டு அக்கா வீட்டில் போய் உட்கார்ந்திருக்கும் என் வீட்டுக்காரருக்கு, உங்கள் மனைவி எழுதுவது.

நானும் அத்தையும் சுகம். குருவியும் சுகம். அங்கே அண்ணியும் பிள்ளைகளும் எப்படி இருக்கிறார்கள்? நீங்கள் ஃபோனை எடுப்பதில்லை, அதனால்தான் கடிதம். இதையும் பிரிக்காமல் வைத்தால் அண்ணியே பிரித்து, பிள்ளைகளுக்கு முன்னால் சத்தமாகப் படித்துவிடுவார். யோசித்துக்கொள்ளுங்கள்.

உங்களை எங்கே என்று கேட்பவர்களிடம் அத்தை, "அக்காவுக்கு உடம்பு முடியல, பாக்கப் போயிருக்கான்" என்று சொல்லி வருகிறார். நேற்று வரை வெறும் காய்ச்சல்தான். இன்று காலையில் ஆபரேஷன் வரைக்கும் போய்விட்டது. அண்ணியிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

உங்கள் பக்கத்து நியாயத்தை அண்ணி கேட்டிருப்பார். என் பக்கத்தையும் கேட்கட்டும். மூடிய சுரங்கத்தின் மேல் புல்டோசரில் மண்ணைச் சமப்படுத்துவது உங்கள் வேலை. அந்த நிலத்துக்கு எந்தெந்த உயிர்கள் திரும்பி வருகின்றன என்று கணக்கெடுப்பது என் வேலை. உங்கள் வண்டிக்கு நேர் முன்னால் ஆள்காட்டிக் குருவி முட்டையிட்டால் நான் என்ன செய்வேன்? குஞ்சு பொரிக்கும் வரை அங்கே வண்டி ஓடக் கூடாது என்ற விதியை நானா போட்டேன்? நீங்களோ அத்தனை பேர் நடுவில், "நாலு முட்டைக்காக என் வண்டி நிக்கணுமா? ஆம்லெட் போட்டா ஒரு ஆளுக்குக்கூடப் பத்தாது" என்று குதித்தீர்கள். அப்படிப் பேசின ஆளை நம்பி முட்டைகளை விட்டுவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. கல் குவியலுக்குள் கேமராவை ஒளித்து வைத்தேன். எதிரே எது அசைந்தாலும் அது படம் எடுத்துவிடும். உங்களிடம் சொல்லவில்லை, அது தப்புதான்.

அலுவலகக் கூட்டத்தில் அந்தப் படங்களைச் சுவரில் போட்டுப் பார்த்தபோது நரியோ கீரியோ வரும் என்றுதான் நினைத்தோம். குருவி, குருவி, மறுபடியும் குருவி. அடுத்தது நீங்கள். கொளுத்தும் வெயிலில் முட்டைகளுக்குக் குடை பிடித்துக்கொண்டு! அதுவும் என்னுடைய பூப்போட்ட குடை. அதைக் காணோம் என்று நான் அத்தையோடு பேச்சுவார்த்தையே இல்லாமல் இருந்தேன். ஒரு படத்தில் குருவி உங்கள் தலையைக் கொத்த வருகிறது, நீங்கள் அசையவே இல்லை. நீங்கள் நகர்ந்தால் அதுவே வந்து உட்கார்ந்து நிழல் கொடுக்கும் என்பதை உங்களுக்கு யார் சொல்வது? பட்டியல் எழுதுகிறவர், "பெரிய பாலூட்டி ஒண்ணு, பகல்ல நடமாட்டம்" என்று வாசித்ததும் அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். நீங்கள் கதவருகே வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை.

அன்று சாயங்காலமே பையைத் தூக்கிவிட்டீர்கள். விஷயத்தைக் கேட்ட அத்தை, "குருவிக்குத்தான் ஆள்காட்டின்னு பேரு, காட்டிக் குடுத்தது நீ" என்று சொல்லி, என் தட்டை டங்கென்று வைத்தார்.

இப்போது நாலு முட்டையும் பொரிந்துவிட்டன. பொரிந்த அன்றே குஞ்சுகள் எழுந்து ஓடிவிட்டன. இனி வேலையைத் தொடங்கலாம். பொறியாளர், "திங்கக்கிழமை வரலேன்னா வண்டிய வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்" என்கிறார். மாற்று ஓட்டுநர் இப்போதே ஏறி உட்கார்ந்து பார்க்கிறான். அத்தை தைத்துக் கொடுத்த மெத்தையைக் கீழே போட்டு அதன்மேல் கால் வைத்திருந்தான். எனக்கே பற்றிக்கொண்டு வந்தது. நீங்கள் வந்தால் யாரும் சிரிக்க மாட்டார்கள் என்று பொய் சொல்ல மாட்டேன். கொஞ்ச நாள் சிரிப்பார்கள். நான் உங்கள் பக்கத்தில் நிற்பேன்.

இன்னொன்று. அந்தப் படங்களைத் தனியாக உட்கார்ந்து மறுபடி பார்த்தேன். எல்லாப் படத்திலும் உங்கள் வாய் திறந்திருக்கிறது. அது பேச்சைப் பதிவு செய்யும் கேமரா இல்லை. கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் "சாவி எங்க", "சரி", "ம்" என்பதைத் தாண்டி நீங்கள் பேசினது குறைவு. முட்டைகளோடு பேச மட்டும் உங்களுக்கு அவ்வளவு இருந்திருக்கிறது. முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு வேறு. எனக்குப் பொறாமையாக இருந்தது, அழுகையும் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் ஏறி வந்துவிடுங்கள். என்ன பேசினீர்கள் என்று நான் கேட்க மாட்டேன். என்னிடமும் அப்படிக் கொஞ்சம் பேசுங்கள்.

இப்படிக்கு,
பேருந்து நிலையத்துக்கே வந்து நிற்கப்போகும்
உங்கள் மனைவி