விறகுக்குப் பின்னால் ஒரு போத்தல்

அப்பா,

மழை பிடிப்பதற்குள் விறகை உள்ளே அடுக்கச் சொல்லி அம்மா காலையிலேயே விரட்டினார். கடைசிக் கட்டையை நகர்த்தினால், பின்னால் உங்கள் பழைய சாராயப் போத்தல். கழுத்து வரை செம்பழுப்பு நிறம், இறுக்கிய மூடி. நீங்கள் போய் நாற்பது நாள்கூட ஆகவில்லை. எனக்கு முதலில் வந்தது சிரிப்புத்தான். "மாட்டுனியா பாப்பா" என்று நீங்கள் எங்கோ நின்று கேட்பது போல இருந்தது.

குடி இருந்த வீட்டில் நாம் குடியிருந்த காலம் ஒன்று உண்டு. ஆடி ஆடி வருகிறீர்கள் என்று உங்களுக்கு 'ஆடி மாசம்' எனப் பெயர் வைத்து, நம் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகள் முழுக்கப் பரப்பியவள் நான். அது உங்கள் காதுக்கும் வந்தது. ஒரு நாள் வாசலைப் பிடித்துக்கொண்டு, "இன்னைக்கு ஆடி ஒண்ணா, பதினெட்டா?" என்று கேட்டீர்கள். அடிப்பீர்கள் என்று நினைத்தேன். அழுதீர்கள்.

அதற்குப் பிறகுதான் கண் மஞ்சளாகி கிளினிக் போனீர்கள். குடியை விட நினைப்பவர்கள் ஞாயிறுதோறும் கூடும் இடத்தை ஒரு நர்ஸ் துண்டுச் சீட்டில் எழுதித் தந்தார். சீட்டு உங்கள் சட்டைப்பையிலேயே கிடந்து, அம்மா சட்டையை அலசியபோது அதுவும் அலசப்பட்டது. மிஞ்சியது 'பதுளை, மண்டபம், பத்து மணி'. தெமோதரையில் பஸ் ஏறும்போது அம்மா என் காதில் சொன்னார்: "வழியில எறங்கிராம பாத்துக்க."

முதலில் நாம் நுழைந்த மண்டபத்தில் தையல் வகுப்பின் சான்றிதழ் விழா. பத்து நிமிடம் பின்வரிசையில் பவ்வியமாக உட்கார்ந்திருந்தீர்கள்.

"அப்பா, இது தையல் க்ளாஸ். இங்க இருந்தா சட்டைதான் தைக்கலாம்."

"சும்மா இரு புள்ள, வடை வருது."

அடுத்த தெருவில், தேவாலயத்துக்குப் பின்னால் இருந்தது அந்த அறை. வாசலில் ஏழெட்டுச் செருப்புகள். நீங்கள் உங்கள் செருப்பைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக நின்றீர்கள். சிங்களவரான ஒரு பழைய பஸ் டிரைவர் எட்டிப் பார்த்து, உடைந்த தமிழில், "உள்ள வாங்க தம்பி, இங்க எல்லாம் ஒரே கேஸ்" என்றார். உள்ளே போய்ப் பெயரை மட்டும் சொல்லி உட்கார்ந்தீர்கள். அடுத்த ஞாயிறு யாரும் எழுப்பாமல் எழுந்தீர்கள்.

நாலு மாதம் ஒரு சொட்டு இல்லை. நான் நம்பவில்லை அப்பா. அதை இன்றுதான் உங்களிடம் சொல்கிறேன்.

நீங்கள் காலி செய்த போத்தல்களில்தான் அம்மா கொழுந்து பறிக்கும் மலைக்குச் சாயத்தண்ணி, அந்தப் பாலில்லாத தேநீர், கொண்டு போவார். லயத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். திறந்து முகராமல் எது எதுவென்று யாராலும் சொல்ல முடியாது. லேபல் கிழியாத ஒன்றில் சாயத்தண்ணியை நிரப்பி, நீங்கள் முன்பு ஒளிக்கும் அதே இடத்தில், விறகுக்குப் பின்னால் வைத்தேன். விளையாட்டு என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். சனிக்கிழமை பின்னேரம் கட்டை எடுக்கப் போன நீங்கள் அங்கேயே குந்திவிட்டீர்கள். அடுப்படிக் கதவிடுக்கில் நின்று பார்த்தேன். போத்தலை எடுத்தீர்கள், வைத்தீர்கள், மறுபடி எடுத்தீர்கள். ஓடிவந்து சொல்ல வாய் வரவில்லை. ஊருக்கெல்லாம் பேசும் வாய்.

மறுநாள் அதைத் துவாயில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு என்னோடு பஸ்ஸில் வந்தீர்கள். உங்கள் பழைய கூட்டாளி ஒருவர் மோப்பம் பிடித்துவிட்டார். "என்னாண்ணே, கூட்டத்துக்கே சரக்கோடவா?" பஸ்ஸே சிரித்தது. நீங்கள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டீர்கள். துவாயை இன்னொரு சுற்றுச் சுற்றினீர்கள்.

அறையின் நடுவே மேசையில் அதை வைத்துச் சொன்னீர்கள்: "நான்தான் எப்பவோ ஒளிச்சு வச்சு மறந்திருக்கேன். கீழ ஊத்தலாம்னா, தொறக்கணும். தொறந்தா வாசம் வரும். வாசம் வந்தா நான் போயிருவேன். அதான் மூடியோட கொண்டாந்தேன். யாராச்சும் ஊத்திருங்க."

டிரைவர் மாமா அதை வெளியே சாக்கடைக் கானுக்குக் கொண்டு போனார். மூடியைத் திருகி, முகர்ந்து, ஒரு வாய் குடித்தே பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். "தம்பி, இது ப்ளேன்டீ. சீனிகூட இல்ல."

அறை வெடித்துச் சிரித்தது. நீங்கள் மட்டும் என்னைப் பார்த்தீர்கள். கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன்.

"சீனியாவது போட்டிருக்கலாம்ல" என்றீர்கள்.

திரும்பி வரும்போது கேட்டேன்: "தொறந்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்குமே, சாயத்தண்ணின்னு?"

"தொறக்குற கைக்கு அது சாராயந்தானே பாப்பா."

அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் இருந்தீர்கள். ஈரல் முன்பே கெட்டிருந்தது. ஆனால் அந்த ஒன்றரை வருடமும் ஆடி மாசம் வரவே இல்லை. போத்தலை மட்டும் விடவில்லை நீங்கள். அதே இடத்தில் சாயத்தண்ணி நிரப்பி எனக்காக வைப்பீர்கள். ஒரு நாள் சீனி, ஒரு நாள் உப்பு. என் வாயில் உப்பு விழுந்த நாளில் லயமே கேட்கச் சிரிப்பீர்கள். என் குறும்பையெல்லாம் சேர்த்தாலும் உங்கள் கால் தூசிக்கு வராது.

இன்று ஞாயிறு. அந்த அறைக்காரர்களுக்கு நன்றி சொல்ல அம்மாவும் நானும் போகிறோம். உங்கள் துவாயில் சுற்றிய போத்தல் என் மடியில் இருக்கிறது. கண்டக்டர் அண்ணன் கேட்கிறார், "என்னா தங்கச்சி, சரக்கா?"

"எங்கப்பா வச்சதுண்ணே. சீனியா உப்பான்னு தெரியாது."

"தொறந்து பாக்குறது?"

மாட்டேன் அப்பா. மூடியோடுதான் கொண்டு போகிறேன்.