இறால் பெட்டியில் வைத்த கேமரா

போன வாரம் உன் தம்பி செல்வம் பொன்னேரிக்கு வந்திருந்தான். கையில் உன் பழைய சேலையில் சுற்றிய ஒரு பொட்டலம். "அக்கா, இத நீ வெச்சிக்க. எங்க வூட்ல இருந்தா நான் தெனம் பார்ப்பேன்" என்று மேசைமேல் வைத்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டான். பிரித்துப் பார்த்தேன். உன் வீடியோ கேமரா. கேசட் போடும் மூடியைத் திறந்ததும் இத்தனை வருஷத்துக்குப் பிறகும் லேசாக இறால் கவிச்சி வந்தது.

நீ போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. நமக்குள் கடிதம் எழுதும் பழக்கம் இருந்ததில்லை. "நீ எழுதுறத நான் படிச்சி முடிக்கிறதுக்குள்ள எம் மீனு நாறிடும்" என்பாய். இப்போது உனக்கு அவசரம் ஒன்றும் இல்லை. படி.

பழவேற்காட்டுப் பள்ளியில் நமக்கு ஒரே பெஞ்சு. நான் கல்லூரிக்குப் போனேன், பிறகு கல்லூரியிலேயே வேலைக்கும் சேர்ந்தேன். நீ ஏரிக்கு அந்தப் பக்கம் உன் குப்பத்திலேயே இருந்துகொண்டு, கழுத்தில் கிடந்ததை விற்று இந்தக் கேமராவை வாங்கினாய். மஞ்சள் நீராட்டு நடக்கும் வீட்டுக்குள் ஆம்பளை கேமராக்காரனை விடமாட்டார்கள். அதுவே உனக்குப் பிழைப்பானது. கம்பெனி கேசட் விலை கட்டுப்படியாகாது என்று சென்னையில் வேறு கேசட் வாங்கிப் போட்டாய். படம் நன்றாகத்தான் விழுந்தது.

ஒரு நாள் ஒரு கல்யாணப் பெண்ணை ஏரி வழியாக அழைத்துப் போனார்கள். நீ படகின் முன்னால் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டு போனாய். ஏரியில் எந்த ஊர், எந்த நாள், எந்த இடத்தில் வலை கட்டலாம் என்ற முறையை உங்கள் பக்கம் பாடு என்பீர்கள். அன்றைய பாடு யாருக்கு என்று முகத்துவாரத்தில் உங்கள் ஊருக்கும் எதிர்க்கரைக்கும் பேச்சு முற்றி, படகு தள்ளும் கோல்கள் மேலே எழும்பின. கல்யாணப் படகு நடுவில் மாட்டிக்கொண்டது. ஈரத்துணியைக் கல்லில் அறைவதுபோல இருந்தது மண்டையில் விழும் அடி என்று பிறகு சொன்னாய். பெண்ணின் தலைப்பூ தண்ணீரில் மிதந்தது. ஒருவன் காதைப் பொத்திக்கொண்டு உன் மடியில் விழுந்தான். கையை எடுத்தபோது காது கையோடு வந்தது. நீ கேமராவை இறக்கவில்லை.

எதிர்க்கரை ஆள் ஒருவர் செத்துப்போனார். உங்கள் ஊரில் அடிதடி வழக்கு என்றால் யாரைப் போலீஸிடம் ஒப்படைப்பது என்பதை ஊர்க்கூட்டம்தான் முடிவு செய்யும். கூட்டம் செல்வத்தைக் கை காட்டியது. அப்பா இல்லாத வீடு, கேட்க ஆள் இல்லை. சட்டை முழுக்கச் செத்தவரின் ரத்தம் வேறு.

என் வீட்டுக்கு ஓடிவந்தாய். "அவன் அடிக்கலடி. தூக்கிவுடப் போனான். அடிச்சது ஊர்த் தலைவர் மவன். எல்லாம் கேமராவுல கீது. கேசட்டுதான் உள்ளயே சிக்கிக்கிச்சி."

"நீ அவன் அக்கா. உன் கண் அப்படித்தான் பார்க்கும்" என்றேன்.

பளார் என்று அறைந்தாய். என் கண்ணாடி சுவரில் பட்டு உடைந்தது. பிறகு நீயே குனிந்து சில்லுகளைப் பொறுக்கினாய். "நீ என்ன நம்ப வேணா. கேசட்ட நம்புவ இல்ல?"

சென்னை சர்வீஸ் சென்டரில் கவுண்டர் பையன் கேமராவைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "எங்க டேப் போடல. வாரண்டி கிடையாது" என்றான். டேப்தான் கோளாறு என்று கையெழுத்துப் போட்டால் காசுக்குத் திறந்து தருவார்களாம். பொன்னேரி வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார். "டேப் கெட்டதுன்னு நீங்களே எழுதிக் கொடுத்தா, அதுல இருக்கிற படத்த எந்த கோர்ட்டும்மா நம்பும்?" அதனால் மெஷின்தான் கோளாறு, வாரண்டியில்தான் திறக்க வேண்டும் என்று நுகர்வோர் நீதிமன்றத்தைச் சொல்லி நான் கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டேன். செல்வம் உள்ளே இருந்தான்.

அதற்குள் ஊருக்குச் செய்தி தெரிந்துவிட்டது. தலைவர் மகன் நாலு பேரோடு உன்னைக் கரையில் மடக்கினான்.

"கேசட்டு எங்கடி?"

"கம்பெனில கீது. போய் வாங்கிக்க. வாரண்டி கார்ட எடுத்துக்கினு போ, இல்லன்னா உள்ள வுடமாட்டான்."

உன் வலது கையை மணலில் வைத்து, நங்கூரக் கல்லைத் தூக்கிப் போட்டான். வலை பின்னிக்கொண்டிருந்த பெண்கள் எழுந்து வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஆஸ்பத்திரியில் உன் கையைப் பார்த்தபோது எது எந்த விரல் என்று எனக்குத் தெரியவில்லை. "அவன் சாவணும்னு எனக்கு இல்லடி" என்று மட்டும் முனகினாய். "எந்தம்பி மேல போட்ட பழி போவணும். அவ்ளோதான்."

என் கடிதங்களுக்குக் கம்பெனி கடைசியில் இறங்கிவந்து நம்மைக் கூப்பிட்டது. கட்டுப் போட்ட கையோடுதான் சென்னைக்கு வந்தாய். நம் எதிரிலேயே இன்ஜினியர் கேமராவைத் திறந்தார். உள்ளே உப்பு பூத்துக் கிடந்தது. டேப் சுற்றும் உருளையில் சிவப்பாக ஏதோ ஒன்று நூல்போலச் சுற்றியிருந்தது. இடுக்கியால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். இறால் மீசை.

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மானேஜர் சிரிக்கவில்லை. என் கடிதக் கட்டு அவர் முன்னால் இருந்தது. "கேஸெல்லாம் எதுக்கும்மா? டேப்பால வந்த கோளாறுன்னு போட்டுக்கலாம். ஒரு கையெழுத்துப் போடுங்க. புது மெஷினே தரச் சொல்றேன்" என்றார்.

புது மெஷின் என்றால் உனக்கு மறுபடியும் பிழைப்பு. பேனாவை உன் பக்கம் தள்ளினார். நீ இடது கையால் அதைத் திருப்பித் தள்ளினாய்.

"எழுது சார். டேப்பு நல்ல டேப்பு. மெஷினும் நல்ல மெஷினு. ஐஸு போட்ட எறா பெட்டியில வெச்சவ நான்."

நான் திரும்பி உன்னைப் பார்த்தேன். எனக்கும் அது அப்போதுதான் தெரியும். கோல்கள் உன் பக்கம் திரும்பியதும் கல்யாண விருந்துக்குப் போன தெர்மாகோல் பெட்டிக்குள் கேமராவைத் திணித்து, மூடிமேல் உட்கார்ந்துகொண்டிருக்கிறாய். முதுகில் அடி விழ விழ எழுந்திருக்கவில்லை. தாலியோ, பணமோ, காற்றிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் காப்பாற்ற வேண்டிய எதுவானாலும் உங்கள் ஊரில் அந்தப் பெட்டிக்குள்தான் போகும். கேமராவும் போயிற்று.

வெளியே வந்ததும், "முன்னாடியே சொல்றதுக்கு உனக்கு மூளை இல்லையா?" என்றேன்.

"இருந்திச்சி. அதையும் பொட்டியிலதான் வெச்சேன்."

டேப்பைத் துடைத்து வேறு மெஷினில் ஓட்டினார்கள். மேலே கோடுகள் ஓடின, நடுவில் படம் தெளிவாக இருந்தது. கழுத்தளவுத் தண்ணீரில் செல்வம் ஒருவரின் தலையைத் தண்ணீருக்கு மேலே தாங்கிக்கொண்டு நிற்கிறான். அவன் தோளை உரசிக்கொண்டு ஒரு கோல் இறங்குகிறது. மறுபடி இறங்குகிறது. செல்வம் கையை நீட்டித் தடுக்கிறான். மறுபடி இறங்குகிறது. கோலைப் பிடித்தவனின் முகம் வெயிலில் நன்றாகத் தெரிந்தது. நீ என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் இன்னொரு கன்னத்தையும் காட்டியிருப்பேன்.

செல்வம் வெளியே வந்தான். தலைவர் மகன் உள்ளே போனான். சொந்த ஊர்க்காரனைக் காட்டிக் கொடுத்தாள் என்று உன் வீட்டுக்கு இனி ஏரியில் பாடு கிடையாது என்றார்கள். செல்வத்தின் படகை எரித்தார்கள். நீங்கள் மீஞ்சூருக்குப் போனீர்கள். மடங்காத விரல்களோடு சந்தையில் மீன் அரிந்தாய். உன் கடையில் என்னிடம் ஒரு நாளும் பேரம் பேசாமல் பணம் வாங்கியதில்லை நீ.

உன்னை எடுத்துப் போகும் நேரத்தில் அந்தத் தலைவர் மகன் வந்தான். தண்டனை முடிந்து நரைத்துப்போயிருந்தான். கையில் ஒரு மாலை. செல்வம் பாடைக்கு வெட்டி மிஞ்சிய மூங்கிலை எடுத்தான். யாரும் நகரவில்லை. எனக்கு ஆட்களைத் தொட்டுப் பேசும் பழக்கம் கிடையாது, உனக்குத் தெரியும். செல்வத்தின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். என்னைச் சேர்த்து இழுத்துக்கொண்டு ஓரடி போனான்.

"அவ கேட்டது இது இல்லடா" என்றேன்.

மூங்கில் கீழே விழ வெகுநேரம் ஆனது. அந்த ஆள் உன் கால்மாட்டில் மாலையை வைத்துவிட்டுப் போனான். நீ மன்னித்திருப்பாயா என்று எனக்குத் தெரியாது. ஊகித்து எழுத விருப்பமும் இல்லை.

செல்வம் மூங்கிலைப் போட்டுவிட்டான், ஆனால் பழி வாங்கும் நினைப்பை விடவில்லை. அதனால்தான் கேமராவை என்னிடம் கொண்டுவந்திருக்கிறான். அதை என் புத்தக அலமாரியில், காற்று படும்படித் திறந்த தட்டில் வைத்திருக்கிறேன். அவன் மணிக்கட்டின் துடிப்பு இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது. என்றாவது அவன் வந்து திருப்பிக் கேட்டால், தர மாட்டேன்.