மூன்று பேருக்கான நன்றிப் பாட்டு

அன்பு மகளே டார்கஸ்,

நான் சொல்ல, தேவாலய எழுத்தர் எழுதுகிறார்.

ஜார்ஜ் ராஜா செத்து, பேரன் ஜார்ஜ் பட்டத்துக்கு வந்த வருஷம் பிள்ளைகள் உங்கள் மூவருக்கும் அம்மை. குணமானவர்களுக்காக ஞாயிறு ஆராதனையில் நன்றி வாசிப்பது வழக்கம். உங்களுக்குக் காய்ச்சல் இறங்குமுன்னே உன் அம்மா நன்றிப் பாட்டு எழுதிக் கொண்டுபோனாள்.

"முதல்ல பிள்ளைங்க பிழைக்கட்டும்மா," என்றார் பாதிரியார்.

"முன்கூட்டியே நன்றி சொல்லிட்டா ஆண்டவர் எப்படிய்யா மறுப்பாரு?"

வாசித்தார். செவ்வாயன்று ஜாபெஸ் போனான், வியாழனன்று பெக். பால் காய்ச்சுவதைத் தவிர எனக்கு எதுவும் செய்யத் தெரியவில்லை. அம்மா அப்புறம் ஒரு வரியும் எழுதாமலே போய்ச் சேர்ந்தாள்.

அம்மாவின் பாட்டுகளை அச்சிடும் புத்தகத்தில் அந்த நன்றிப் பாட்டையும் போடலாமா என்கிறாய். பாட்டில் மூவரும் எழுந்து ஓடுகிறீர்கள். வேண்டாமென்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. போட்டால் மேலே மூன்று பெயரையும் போடு: ஜாபெஸ், பெக், உயிரோடிருக்கும் டார்கஸ்.

உன் அப்பா