அப்பாவின் நித்திரையும் மூன்று ஃபானும்

யூன் 3, செவ்வாய்

சோளகக் காற்றுப் பிடித்துவிட்டது. வாசலெல்லாம் மண். கூட்டினேன், திரும்ப மண். விட்டுவிட்டேன்.

காலையிலிருந்து அம்மா என்னோடு கதைக்கவில்லை. மத்தியானம்தான் வாய் திறந்தா. நேற்றிரவு கடலில் அப்பா எஞ்சின் பிடியைப் பிடித்தபடியே கண் அயர்ந்துவிட்டாராம். படகு கல்லில் ஏறப் பார்த்ததாம். கூடப் போன மாமாதான் கத்தி எழுப்பினாராம்.

"நித்திரை இல்லாத மனிசன் என்ன செய்யும்? கடலாலை வந்து சரிஞ்சா, சுவருக்கு அங்காலை உன்ரை கொம்பியூட்டர்ப் பெட்டி கத்துது. ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பார்ப்பன். ஒண்டில் அது அடங்கவேணும், இல்லாட்டி வித்துப்போடு."

நியாயம். அதுதான் எரிச்சல்.

அப்பாவைக் கேட்டேன். "எஞ்சின் சத்தத்திலை வளந்தவன் நான். உது ஒரு சத்தமே? நீ விளையாடு பிள்ளை." கண் இரண்டும் செக்கச் சிவப்பு. பச்சைப் பொய்.

காலையை விட்டால் எனக்கும் அண்ணைக்கும் வேறு நேரம் இல்லை. கனடாவில் அவர் வேலை முடிந்து வரும் இரவு, இங்கே அப்பா கரைக்கு வந்து படுக்கும் காலை. அண்ணை போய் ஏழு வருடம். அங்கே தங்கும் பேப்பர் இன்னும் சரிவரவில்லை, ஊருக்கு வர ஏலாது. போனில் அப்பாவோடு "ஓம், சாப்பிட்டனான், வைக்கிறன்". அவ்வளவுதான். என்னோடு கார் ஓட்டும் கேமுக்குள் வந்தால் மட்டும் மனிசன் கதைக்கும். குளிர், புளிக்காத தோசை மா, மனேஜரின் குணம், எல்லாம் வரும். பெட்டி போனால் அண்ணையும் போனார்.

யூன் 4, புதன்

வெயில். டியூசன் பிள்ளைகளின் கொப்பிகள் திருத்தவில்லை.

அண்ணை காலையில்: "எடி, அப்பாவின்ரை எஞ்சினைக் கழட்டி அறைக்குள்ளை வைச்சிருக்கிறியோ? நீ சொல்லுறது ஒண்டும் கேக்கேல்லை."

பெட்டியைத் திறந்தேன். மூன்று சின்ன ஃபான். வாங்கும்போதே வந்த மலிவுச் சாமான், கலர் கலராக லைட் எரியும். மூன்றும் காற்றை வெளியேதான் தள்ளுகின்றன. உள்ளே இழுக்க ஒன்றும் இல்லை! வெக்கை ஏற ஏற வேகம், வேகம் ஏற ஏறக் கத்தல். இரண்டு வருடமாக இதைப் பார்க்காத என் மண்டையை என்ன செய்வது.

இன்னொன்று. பெட்டி நிற்பது அம்மாவின் தகர ட்ரங்குப் பெட்டியின் மேல். அதுவும் சேர்ந்து அதிர்கிறது. அதுவும் அப்பா தலை வைக்கும் சுவரோடு ஒட்டி.

யூன் 5, வியாழன்

யாழ்ப்பாணம். பருத்தித்துறையிலிருந்து கடைசிவரை பஸ்ஸில் நின்றபடி. கால் உளைவு.

கொம்பியூட்டர்க் கடைக்காரர்: "பெரிய ஃபான் மெல்லச் சுத்தினாலே காணும், தங்கச்சி. சின்னன்தான் ஓடி ஓடிக் கத்தும்."

வாங்கியது:
140 மி.மீ. ஃபான் — இரண்டு. முன்னுக்கு, உள்ளே இழுக்க.
120 மி.மீ. — ஒன்று. பின்னுக்கு, வெளியே தள்ள.
தூசி வலை.
திருகாணிக்குப் பதில் ரப்பர் குச்சி, அதிராதாம்.
லைட் வேண்டாம் என்றேன். அம்மாவுக்கு மருந்து வாங்க மறந்துவிட்டேன். ஏச்சு.

யூன் 6, வெள்ளி

காலையில் ஃபான்களை மேசையில் பிரித்து வைத்துவிட்டு டியூசனுக்குப் போனேன். பின்னேரம் அப்பா கடலுக்குப் போனபின் அவசரம் அவசரமாகப் பெட்டியில் பொருத்திப் பூட்டினேன்.

காற்றுப் போகும் பக்கம் பார்க்க சாமித்தட்டு ஊதுபத்தி ஒன்று. முன்னுக்குப் பிடித்தால் புகை உள்ளே போகவேண்டும். என் முகத்துக்கு வந்தது. தும்மல். கீழ் ஃபானை மாறிப் பூட்டியிருக்கிறேன். சட்டத்தில் அம்புக்குறி இருக்கிறது, யார் பார்த்தது? கழற்றித் திருப்பினேன். புகை நேரே உள்ளே. கை தட்டினேன்.

அம்மா: "சாமிக்குக் கொளுத்தாத பிள்ளை பெட்டிக்குக் கொளுத்துது."

ஆனால் மேல் ஃபான் உர்ர்ர் என்கிறது. ஐயோ.

யூன் 7, சனி

உர்ர்ர். சுவருக்கு அங்கால் அப்பாவின் கட்டில் கிரீச், கிரீச். புரண்டு படுக்கிறார். அண்ணைக்கு "இண்டைக்கு இல்லை" என்று அனுப்பிவிட்டு நிறுத்தினேன். அழுகை வரும்போல இருந்தது. நாளை ஞாயிறு.

கடைக்குப் போன் எடுத்துக் கத்தினேன். பழுதான சாமானைத் தலையில் கட்டிவிட்டீர்கள் என்று. "வயர் எங்கையும் முட்டுதோ பாருங்கோ, தங்கச்சி." முட்டவில்லை. ஃபானைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். பின்பக்கம், ஒரே ஒரு இதழில், அரை விரல் தடிப்பில் சந்தனம். காய்ந்து இறுகி. மேலே குங்குமம்.

"அம்மா!"

"ஓம், நான்தான். வெள்ளிக்கிழமையும் அதுவுமா, புதுச் சாமானைப் பொட்டு வைக்காமல் பூட்டுறதே? அடங்கி ஓடட்டும் எண்டுதான் வைச்சனான்."

விற்கச் சொன்ன அதே அம்மா. ஒரு இதழில் மட்டும் பாரம் ஏறினால் சுற்றும்போது நடுங்காதா? சிரித்துச் சிரித்து வயிறு நொந்தது. அவவும் சிரித்தா, ஏன் என்று தெரியாமலே.

ஈரத்துணியால் துடைத்தாயிற்று. பொட்டு இப்போது பெட்டியின் உச்சியில். பெட்டி எதிர்ச்சுவரோரம், மர மேசையில். அடியில் பழைய செருப்பு வெட்டிய நாலு துண்டு.

கடைக்காரரிடம் மன்னிப்பு. "உது பரவாயில்லை. ஒருத்தர் உள்ளுக்கை திருநீறு கொட்டிக் கொண்டுவந்தவர்."

போட்டேன். ஓடுகிறதா என்று கையை வைத்துப் பார்க்கவேண்டியிருந்தது. அப்பாடா! அப்பாடா!

யூன் 8, ஞாயிறு

காற்றுக் குறைவு. அப்பா வந்து, குளித்து, படுத்துவிட்டார். அம்மா வாசலில் நின்று, "நிப்பாட்டிப் போட்டியோ?" ஓடுது அம்மா என்றேன். தேத்தண்ணி வந்தது. விற்கிற கதை இல்லை.

அண்ணையோடு கேமில் ஓட்டம். முதலாம் இடத்துக்கு அவர், பின்னால் நான். திடீரென்று: "எடி, திரும்ப ஏதோ உறுமுது. ஃபான் ஒண்டு பிழைச்சிட்டுது போலை."

ஹெட்ஃபோனைக் கழற்றிக் கேட்டேன்.

"ஃபான் இல்லை, அண்ணை. அப்பா. குறட்டை."

மைக்கை நிறுத்தக் கை வைத்தேன்.

"நிப்பாட்டாதை. கிடக்கட்டும்."

அவருடைய கார் ஓரமாக நின்றுவிட்டது. நானும் பக்கத்தில் நிறுத்தினேன். எல்லாரும் எங்களைத் தாண்டிப் போனார்கள். கடைசி இடம், இரண்டு பேருக்கும்.