எல்லாருக்கும் வெள்ளை அட்டை

அண்ணன்,

இன்று காலை பிரதேச சபையின் புதுச் சாரதி வேனின் பின் இருக்கையைக் கழற்றிக் கழுவினார். அடியிலிருந்து ஒரு கட்டு மஞ்சள் அட்டை வந்தது. "சேர், இது வேணுமா, எறியவா?" என்றார். எறியச் சொன்னேன். அவை என் மடத்தனம். நீங்கள் இருந்திருந்தால் ஒரு கிழமைக்குச் சொல்லிச் சிரித்திருப்பீர்கள்.

சபையும் ஆஸ்பத்திரியும் சேர்ந்து அந்த வேலையைத் தொடங்கியபோது நான் பணிக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. படுவான்கரை ஊர்களில் வரி கட்ட, நூலகத்தில் சேர என்று சபை மாதம் ஒருமுறை நடமாடும் சேவை நடத்தும். அங்கேயே ஓர் அறையில் பாலியல் நோய்களுக்குப் பரிசோதனையும் மருந்தும் கொடுப்பது என்று முடிவானது. டொக்டரும் தாதியும் நானும் ஆஸ்பத்திரி ஆட்கள். அறையும் வேனும் அதை ஓட்டும் நீங்களும் சபையின் பங்கு. நான் கொசு மாதிரி இரத்தம் எடுப்பவன் என்பதால் முதல் நாளே எனக்கு 'நுளம்புத் தம்பி' என்று பெயர் வைத்தீர்கள். வழி முழுக்க வாய் ஓயாது. இப்படிப் பேசுகிற மனிதர் இந்த வேலைக்கு ஆகாது என்று டொக்டரிடம் முறையிட்டேன். அதையும் இப்போது சொல்லிவிடுகிறேன்.

எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் சனம் தடுமாறுவது எனக்குப் பொறுக்கவில்லை. சபை வேலைக்கு வெள்ளை அட்டை, எங்களிடம் வருவோருக்கு மஞ்சள் என்று நானே அச்சடித்தேன். நீங்கள் ஒன்றைத் திருப்பிப் பார்த்தீர்கள். "மாட்டுக்குக் குறி சுட்ட மாதிரிக் கிடக்கு மனே." உங்கள் வேலை வேன் ஓட்டுவது என்றேன்.

பத்து மணிக்குள் மஞ்சளின் பொருள் மண்டபம் முழுக்கத் தெரிந்துவிட்டது. முன் மாதப் பரிசோதனையில் நோய் தெரிந்த ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு அன்று கட்டாயம் ஊசி போட வேண்டும்; தாமதித்தால் நோய் வயிற்றுப் பிள்ளையையும் பிடிக்கும். வரிசையில் பக்கத்தில் நின்றவள், "உனக்கென்னகா மஞ்சள்?" என்று கேட்டாள். அந்தப் பெண் அட்டையை வாங்குப் பலகையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள்.

வேனை எடுங்கள், வீட்டுக்கே போவோம் என்று கத்தினேன். நீங்கள் வேன் திறப்பைச் சட்டைப் பைக்குள் போட்டீர்கள்.

"ஆஸ்பத்திரிக்காரர் வாசல்ல போய் நிண்டா, மறுகா அந்தப் புள்ள ஊருக்குள்ள இரிக்க ஏலுமா?"

எனக்குக் கோபம்தான் வந்தது. அடுத்த மாதம் வரை பொறுக்க முடியாது என்று மட்டும் சொன்னேன். டொக்டர் மஞ்சளை நிறுத்தச் சொல்லிவிட்டு, சபைத் தவிசாளரோடு பேசி அடுத்த சேவையை வரும் வியாழனுக்கே எடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை நீங்களும் உங்கள் மனைவியும் மோட்டார்சைக்கிளில் அவள் வீட்டுக்குத் தயிர் வாங்கப் போனீர்கள். முற்றத்தில் நீங்கள் அவள் புருசனிடம் வயல் வட்டைக்குள் யானை இறங்கிய கதையை அளந்துகொண்டிருக்க, குசினிக்குள் உங்கள் வீட்டு அக்கா அவளிடம் சொன்னாராம்: இனி எல்லாருக்கும் வெள்ளை அட்டை, நூலகத்தில் சேர வந்ததாகச் சொல், ஒரே கதவு, திரைக்கு அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி ஆட்கள்.

வியாழன் வந்தாள். வாசலில் நீங்கள் வரிசைக்கு யானைக் கதையை மறுபடி தொடங்கியிருந்தீர்கள். எல்லாக் கண்ணும் உங்கள்மேல். அவள் திரையைத் தாண்டியதை ஒருவரும் பார்க்கவில்லை. நான் முறையிட்ட அதே வாய்தான். அடுத்த முறை புருசனையும் கூட்டி வந்தாள்.

பிள்ளை பிறந்து, அதன் இரத்தம் என் மேசைக்கு வந்தது. நோய் இல்லை. ஓடிவந்து உங்களிடம் சொல்லத் தொடங்கினேன். டயரைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த நீங்கள் நிமிரவில்லை. "எந்தப் புள்ள மனே? எனக்கு ஒருத்தரையும் தெரியா" என்றீர்கள்.

நீங்கள் போய் மூன்று மாதம். நெஞ்சு வருத்தம் என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்த அன்றும் உங்களுக்கு இரத்தம் எடுத்தவன் நான்தான். "நுளம்பு வந்திட்டு" என்று அக்காவிடம் சொன்னீர்கள். அதற்குப் பிறகு பேசவில்லை.

எனக்கு இன்னும் பொறுமை வரவில்லை. வரிசை நீண்டால் எரிச்சல்தான். ஆனால் இந்த மடலில் அவளுடைய ஊரை எழுதவில்லை. கிழமையை மாற்றியிருக்கிறேன். நீங்கள் அங்கே வாங்கப் போனது தயிரும் இல்லை.