ஒன்பதாம் சாட்சி

மார்ச் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

அண்ணியின் முழங்கால் வலி தேவலையா? மகள் போனில் பேசினாள், மாமாவைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

மூடிப்போன ஓர் அரசு அலுவலகத்திலிருந்து எங்கள் பல்கலைக்கழக நூலகத்துக்கு நாற்பது சாக்கு ஆவணங்கள் வந்திருக்கின்றன. பிரித்து எண் போடும் வேலை என் தலையில். பூச்சியும் எலிப்புழுக்கையுமாக ஒரே நாற்றம். மத்தியானம் சோறு இறங்குவதில்லை.

நேற்று ஒரு சாக்கில் படகு விபத்து விசாரணை அறிக்கை இருந்தது. என் வீட்டுக்காரர் ஓட்டிப்போய்க் கவிழ்ந்த அதே படகு. குடித்துவிட்டு ஓட்டினார் என்ற முடிவு மட்டும்தானே இத்தனை வருஷம் நமக்குத் தெரியும்? இதில் சாட்சிகள் சொன்னதெல்லாம் இருக்கிறது. புரட்டப் பயமாக இருக்கிறது. அப்போது படகுப் பட்டறையில் நீங்கள்தானே மேற்பார்வையாளர், யாரையெல்லாம் விசாரித்தார்கள்?

உங்கள் தங்கை

மார்ச் 9

அன்புத் தங்கச்சிக்கு,

அண்ணி நடக்கிறாள். மாப்பிள்ளை போய் இருபத்திரண்டு வருஷம் ஆகிறது, இப்போது கிளறி யாருக்கு என்ன லாபம்? யாரும் படிக்காத காகிதம் அது. எண் போடாமல் கழிவுக் கட்டோடு சேர்த்துவிடு. தூசி உனக்கு ஆகாது. நாலு நாள் லீவு போட்டு வந்துவிட்டுப் போ.

அண்ணன்

மார்ச் 13

அண்ணாவுக்கு,

எண் போடாதே என்று நீங்கள் எழுதியதால்தான் படித்தேன்.

ஒன்பதாம் சாட்சி: 'இறந்தவர் என் தங்கையின் கணவர். தினமும் குடிப்பார். அன்று காலையிலும் வாடை அடித்தது.' அதற்கு முந்தின பக்கத்தில், படகைத் திருப்பும் சுக்கானைப் பழுது பார்த்தாகிவிட்டது என்று ஒரு சான்று. உங்கள் கையெழுத்து. சுக்கானைத் தொடவே இல்லை என்று பட்டறையில் எண்ணெய் போடுகிறவர் சொன்னதை ஒரே வரியில் தள்ளிவிட்டிருக்கிறார்கள்.

இருமல் மருந்தைக்கூட மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்கிற மனுஷன் அவர். நானே பாதி நம்பி, அவர் படத்தை எடுத்துப் பெட்டிக்குள் போட்டேனே. பள்ளிக்கூடத்தில் குடிகாரன் மகள் என்றார்கள் என்று என் பெண் அழுதுகொண்டு வந்தபோது, மடியில் உட்காரவைத்து, "அப்பாவை மன்னிச்சிடுடா கண்ணு" என்று சொன்னீர்கள். பொய்ச் சாட்சியைவிட அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

தங்கை

மார்ச் 20

அம்மாடி,

பெரிய அதிகாரி அந்தச் சான்றை நீட்டினார், கையெழுத்துப் போட்டேன். நான் உள்ளே போயிருந்தால் உன்னையும் பிள்ளையையும் யார் பார்த்திருப்பார்கள்? போனவருக்கு இனி என்ன கெட்டுவிடப்போகிறது என்று நினைத்தேன். உங்களுக்கு ஒரு குறை வைத்தேனா, சொல்லு. சின்னவனுக்குப் பெண் பார்க்கிற நேரம். அந்த அறிக்கையை வெளியே விட்டுவிடாதே, உன் காலில் விழுகிறேன்.

அண்ணன்

ஏப்ரல் 2

அறிக்கைக்கு எண் போட்டாகிவிட்டது. அரசு ஆவணப் பிரிவில் இருக்கிறது, யார் கேட்டாலும் எடுத்துக் கொடுப்போம்.

மகளுக்கு நகல் அனுப்பினேன். படித்துவிட்டுப் போன் செய்தாள். "அந்தக் கையாலயா மாமா எனக்குச் சோறு ஊட்டினாரு?" என்று கேட்டாள்.

எண்ணெய் போடுகிறவரைத் தேடிப்பிடித்துப் பார்த்தேன். "சொன்னேம்மா, யாரும் காதுல வாங்கல" என்றார். அவரிடம் எழுதி வாங்கி, மறுவிசாரணை கேட்டு மனு கொடுத்திருக்கிறேன். உங்கள் இரண்டு கடிதங்களையும் அதோடு இணைத்திருக்கிறேன். இனி எழுதுவதானால் விசாரிக்கப்போகிறவர்களுக்கு எழுதுங்கள். எனக்கு வருவதைப் பிரிக்கமாட்டேன்.

படகோட்டியின் மனைவி